ஒரு முற்றுப்புள்ளியின் வழக்கு

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தத்தோடு வளர்ந்த மாணவி ஒருத்தி இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சிறுகதை எழுதினாள். தறிக்குத் தார் சுற்றிப் பிழைக்கும் ஒரு பெண், அடிக்கிற கணவனை விட்டுவிட்டுத் தாய்வீடு வந்துவிடுகிறாள். திரும்ப அழைத்துப்போகச் சொந்தக்காரர்கள் கூடுகிறார்கள். ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள். எல்லோரும் பேசி ஓய்ந்தபின் அவள் சொல்வது இரண்டே சொற்கள்: "நா வரல." கதை அங்கே முடிகிறது.

கதை ஒரு தொகுப்புக்குத் தேர்வானது. மெய்ப்பு வந்தபோது கடைசி வரி இப்படி இருந்தது: "நான்... வரலை...!"

தாளை என் மேசையில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "மேடம், இதுல அவ அழுறா. எங்கதையில அவ அழல."

இதைவிடச் சரியான விமர்சனத்தை என்னால் எழுத முடியாது. ஆறு புள்ளிகளும் ஓர் உணர்ச்சிக்குறியும் சேர்ந்து ஒரு மறுப்பைத் தயக்கமாக மாற்றிவிட்டன. முற்றுப்புள்ளி பேச்சை முடித்துவைக்கிறது. அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்கிறது. முப்புள்ளியோ, இன்னும் கொஞ்சம் வற்புறுத்தினால் வந்துவிடுவாள் என்று கூடியிருக்கும் சொந்தக்காரர்களுக்கு நம்பிக்கை கொடுக்கிறது. திருத்தியவர் இதையெல்லாம் யோசித்துச் செய்திருக்க மாட்டார். ஒரு பெண் 'மாட்டேன்' என்றால் தொண்டை அடைத்துத்தான் சொல்வாள் என்பது அவர் கைக்கே பழகியிருக்கிறது. யோசிக்காமல் வருவதால்தான் அதைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

கேட்டபோது, "இலக்கணப்படிதான் திருத்தியிருக்கிறோம்" என்று பதில் வந்தது. எந்த இலக்கணம்? நன்னூலில் முப்புள்ளிக்கு நூற்பா கிடையாது. ஓலைச்சுவடிகளில் காற்புள்ளியும் கேள்விக்குறியும் இல்லை; மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எகர ஏகாரக் குழப்பம் தீர வீரமாமுனிவர் எழுத்தைத் திருத்தியது 18ஆம் நூற்றாண்டில். நிறுத்தற்குறிகள் அச்சோடு வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் தமிழ் உரைநடையில் அவற்றைப் பரவலாக்கியவர்களில் ஆறுமுக நாவலர் முக்கியமானவர். இன்று நாம் எழுதும் 'லை', 'னை' வடிவங்கள்கூட 1978இல் வந்த அரசாணையால் ஆனவை. எழுத்தும் குறியும் அந்தந்தக் காலத்தில் யாரோ எடுத்த முடிவுகள். ஆகவே, ஒரு கதையில் அந்த முடிவை எடுப்பது யார் என்று கேட்பது இலக்கண மீறல் ஆகாது.

எமிலி டிக்கின்சன் இறந்து நான்கு வருடம் கழித்து, 1890இல் அவருடைய முதல் தொகுப்பு வந்தது. பதிப்பித்தவர்கள் அவர் கவிதைகளில் நிறைந்திருந்த இடைக்கோடுகளை எடுத்துவிட்டு வழக்கமான குறிகளை இட்டார்கள், தலைப்பும் வைத்தார்கள். அந்தக் கோடுகளுடன் முழுத் தொகுப்பு வர 1955 ஆகிவிட்டது. அறுபத்தைந்து வருடம் வாசகர்கள் படித்தது அவருடைய மூச்சை அல்ல, அவருக்கு யாரோ சரிசெய்து கொடுத்த மூச்சை.

அந்த மெய்ப்பில் இன்னொன்றும் நடந்திருந்தது. 'மதினி' என்பது 'அண்ணி' ஆகியிருந்தது. 'தார்' என்ற சொல் ஒற்றை மேற்கோளுக்குள் நின்றது. இந்தத் தெருவில் பெண்களின் கை நாள் முழுக்கப் புழங்கும் பொருளுக்கு எதற்கு மேற்கோள்? அது யாருக்கு வெளியூர்ச் சொல்? இங்கிருந்து அதிக தூரமில்லாத இடைசெவலில் இருந்துகொண்டு கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வெளிவந்தது. அதற்குப் பிறகும் நம் சொற்கள் மேற்கோளுக்குள் கைகட்டி நிற்கின்றன.

எதையும் திருத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தமிழ் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். 'அறை மணி நேரம்' என்று அவள் எழுதியிருந்தாள். அதை 'அரை' ஆக்கினோம். 'தறி கூடம்' என்றிருந்த இடத்தில் ஒற்று சேர்த்தோம். 'வேலை கொடு' என்பதற்கும் 'வேலைக் கொடு' என்பதற்கும் நடுவில் ஓர் ஆயுதமே இருக்கிறது என்று வகுப்பில் சொல்வது வழக்கம். ஒரே பெண் ஓரிடத்தில் 'வரல' என்றும், இன்னோரிடத்தில் 'வரலை', 'வரலே' என்றும் பேசினாள். ஒரு வாய்க்கு ஒரு வழக்கு போதும் என்று முடிவெடுத்தோம். இவை பிழைகள். பிழை கதைசொல்லியின் கவனக்குறைவு. வழக்கு பாத்திரத்தின் உடைமை. பிழையைத் திருத்தலாம், உடைமையைப் பறிக்கக்கூடாது.

ஆனால் நான் தவறவிட்ட ஒன்றையும் சொல்லவேண்டும். கதையில் புத்தி சொல்ல வருகிறவர்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உண்டு. அவர் இப்படிப் பேசுகிறார்: "நீ புறப்படு. ஊர் என்ன பேசும் என்று யோசித்துப் பார்." எங்கள் ஊரில் எந்தத் தலைமையாசிரியரும் வீட்டுத் திண்ணையில் இப்படிப் பேசுவதில்லை. எழுதிய மாணவி அவருக்கு இலக்கணத் தமிழைக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் வாயில் 'பளம்' என்று எழுதியிருந்தாள். இந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் பழத்தைப் 'பளம்' என்றுதான் சொல்கிறோம், அவசரத்தில் நானும்தான். அவளுக்கு மட்டும் அப்படி எழுதினால், அது ஊரின் ஒலியாக இல்லாமல் அவளுடைய படிப்பின்மையாகிவிடுகிறது. மெய்ப்பு திருத்தியவருக்கு முன்பே நான் கதையை இரண்டுமுறை படித்திருந்தேன். தலைமையாசிரியரின் வரி எனக்கு உறுத்தவே இல்லை. அதிகாரம் நல்ல எழுத்துத்தமிழில் வந்தால் எங்களுக்கு அது பிழையாகத் தெரிவதில்லை.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது செய்தது இதற்கு நேர்மாறு. அங்கே உரையாடல் மட்டுமல்ல, கதை சொல்கிற குரலே பேச்சுத்தமிழில் இருக்கிறது. மேலே நின்று எழுத்துத்தமிழில் விவரிப்பவர் ஒருவர், கீழே நின்று கொச்சையில் பேசுபவர் இன்னொருவர் என்ற ஏணி அதில் இல்லை. வழக்கை எழுதுவது என்றால் யாருக்கெல்லாம் எழுதுகிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

மறுபடி உட்கார்ந்தோம். 'பளம்' பழமானது. தலைமையாசிரியர் "கெளம்பு தாயி, ஊரு என்ன பேசும்னு யோசிச்சுப் பாரு" என்றார். அவர் குரல் கனிந்ததும் கதை முன்னைவிடப் பயங்கரமானது. நம் வீட்டு ஆளே சொல்வதுபோல் இருந்தது. அதற்கு எதிரே அந்த இரண்டு சொற்களுக்கு இன்னும் பலம் கூடியது.

திருத்தங்களை அனுப்பினோம். மதினி திரும்பி வந்தாள். தாரைச் சுற்றியிருந்த மேற்கோள் போனது. ஒன்றுக்கு மட்டும் அவர்கள் இறங்கவில்லை: 'நா' என்றால் நாக்கு, வாசகர் குழம்புவார் என்றார்கள். புத்தகத்தில் கடைசி வரி "நான் வரல." என்றே அச்சாகியிருக்கிறது.

எனக்குச் சண்டை போட இன்னும் தெம்பிருந்தது. அவள்தான் கையமர்த்தினாள்: "ன் இருந்துட்டுப் போகட்டும் மேடம். புள்ளி ஒண்ணுதான வச்சிருக்காங்க, அது போதும்."