சிவப்பு வட்டம் சொல்லாதது

2016ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதம் முதல், இலங்கையில் விற்பனையாகும் இனிப்புப் பானப் போத்தல்கள் ஒரு சிறு வட்டத்தைத் தாங்க வேண்டுமென விதியாயிற்று. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் சிவப்பு. 2 முதல் 11 வரையெனின் செம்மஞ்சள். அதற்கும் குறைவெனின் பச்சை. 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் அன்று வகுக்கப்பட்ட அளவு இது. எழுத்தறியாச் சிறுவனும் படிக்கக்கூடிய நூல் என இவ்வட்டத்தைக் கூறலாம். நூலெனின் அதற்கு விமர்சனமும் உண்டன்றோ? வன்னி மண்ணில் நின்று அதனைப் படித்துப் பார்ப்போம்.

அதன் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்வோம். முதலாளிகள் பொடியெழுத்தில் மறைத்து வைத்ததை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2017 நவம்பரில் சீனியின் ஒவ்வொரு கிராமுக்கும் 50 சதம் வரி விதிக்கப்பட்டபோது, அரசின் கரமும் அதற்குத் துணை நின்றது. ஆனால் மறு ஆண்டே அவ்வரி குறைக்கப்பட்டது. யாருடைய குரல் ஆட்சியாளரின் செவியில் விரைந்து ஏறுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, அதன் குறை. வட்டம் 100 மில்லிலீற்றருக்குக் கணக்குச் சொல்கிறது. பிள்ளையோ போத்தலைக் குடிக்கிறது. பத்தரைக் கிராம் சீனி கொண்ட பானம் செம்மஞ்சள் நிறத்தோடு தப்பிவிடும். அதில் 400 மில்லிலீற்றர் போத்தலொன்றைக் குடித்த பிள்ளையின் வயிற்றில் 42 கிராம் சீனி, அதாவது பத்துத் தேக்கரண்டிக்கு மேல், சேர்ந்துவிடும். வளர்ந்தவருக்கே நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நலம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் தந்த அறிவுரை.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. வட்டம் வாங்குபவனிடம் மட்டுமே பேசுகிறது. அவன் தாகத்தைப் பற்றிப் பேசவில்லை. வன்னியின் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர்நீரே ஊறுகிறது. வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய் பரவிய ஊர்களிலோ, மக்கள் தம் கிணற்று நீரையே ஐயத்தோடு நோக்குகின்றனர். 2009இல் போர் முடிந்தபின் ஏ-9 வீதி திறந்தது. நெடுங்காலம் தடைகளுக்குள் வாழ்ந்த மக்களின் வாசலுக்குக் குளிர்பானம் வந்து சேர்ந்த வேகத்தில் குடிநீர் வந்து சேரவில்லை.

"உடற்பருமன் கொழும்புப் பிள்ளைகளின் நோய், எலும்பும் தோலுமான எங்கள் பிள்ளைகளுக்கு அதனால் என்ன?" என்று கேட்போர் உளர். அக்கேள்வியில் உண்மை இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஐவரில் ஒருவர் வயதுக்கேற்ற நிறையின்றி இருந்தனர். மிகை நிறையுடையோர் நூற்றுக்கு இருவரளவே. எனினும் மெலிவும் பருமனும் எதிரெதிர் வீடுகளில் வாழ்பவையல்ல. 1944-45 குளிர்காலத்தில் நாஜிகளின் முற்றுகையால் ஒல்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது கருவிலிருந்தோர் நடுவயதெய்தியபோது, இரத்தத்தில் சீனி கட்டுக்கடங்காத நிலை அவர்களிடையே மிகுந்திருந்ததை ஆய்வாளர் கண்டனர். 2009இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சி குடித்து உயிர் தரித்த தாய்மாரின் வயிற்றிலிருந்த பிள்ளைகள் இன்று வளரிளம் பருவத்தினர். அவர்களுக்கும் அவ்வாறே நேரும் என நாம் தீர்ப்புக் கூறவில்லை. ஆனால் பட்டினியை அறிந்த உடலுக்கு மலிந்த சீனியை ஊட்டுவது இரட்டைக் கொடுமை என்கிறோம்.

மாற்று என்ன? "நம் முன்னோர் பானங்களுக்குத் திரும்புவோம்" என்பர் சிலர். மோரும், உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீரும், இலைக்கஞ்சியும் நல்லவையே. ஆயின் நம்முடையது என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. பனை தந்த கருப்பநீரிலும் நூற்றுக்குப் பத்துப் பங்களவு சீனி உண்டு. பழமைப் பெருமை வேறு, உடல்நல அறிவு வேறு. எல்லாவற்றிலும் சிறந்த பானம் நல்ல தண்ணீர். ஏழைக்கு எட்டாதிருப்பதும் அதுவே.

மெக்சிக்கோ 2014 ஜனவரியில் இனிப்புப் பானத்துக்கு லீற்றருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. முதலாண்டிலேயே மக்கள் அதனை வாங்குவது ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டில், பாடசாலைகள்தோறும் குடிநீர்க் குழாய் அமைக்கவேண்டுமெனச் சட்டமும் இயற்றப்பட்டது. வரியையும் தண்ணீரையும் ஒருங்கே எண்ணிய இந்தச் சிந்தனைதான் நமக்கு வேண்டியது. சீனிவரியாகத் திரளும் பணம், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பாடசாலைக் குழாய்களில் நீராக ஓட வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு சொல். இனிப்புப் பானங்களைச் சிற்றுண்டிச்சாலையினின்று விலக்கும் சுற்றறிக்கை இருக்கின்றது. இல்ல விளையாட்டுப் போட்டியன்று விருந்தினர் மேசையில் வண்ணப் போத்தல்களை வரிசையாக அடுக்கிவிட்டு, மறுநாள் வகுப்பில் சீனியின் தீமையைப் போதித்தால் மாணவர் எதனை நம்புவர்? மேசையிலிருந்து போத்தலை அகற்றுவது நம் கையில் உள்ளது. அவ்விடத்தில் நல்ல தண்ணீரை வைப்பதற்கோ நாம் ஒன்றுபட்டுப் போராட வேண்டும்.