மாலத்தீவு: விளம்பர ஏடும் பயண நூலும்

விடுமுறைக்கு மாலத்தீவு செல்ல எண்ணும் குடும்பத்தார் முதலில் புரட்டுவது வண்ண விளம்பர ஏடுகளையே. வெண்மணல், நீலக்கடல், நீர்மேல் நிற்கும் குடில்கள் எல்லாம் அவற்றில் உண்டு. அந்நாட்டு மக்கள்தாம் இல்லை. ஏறத்தாழ 1,200 தீவுகளுள் 200 அளவில் குடிகள் வாழ்கின்றனர் என்ற நினைவே வாசகர்க்கு எழுவதில்லை.

இக்குறையை உணர, இப்னு பதூதாவின் ‘ரிஹ்லா’வில் மாலத்தீவுப் பகுதியைப் படிக்க வேண்டும். 1343-இல் அங்குச் சென்ற அவர் காழியாகவும் பணியாற்றினார். தேங்காய் நாரைக் கயிறாகத் திரித்து மரக்கலப் பலகைகளைத் தைப்பது, சோழி நாணயமாகச் செலாவணியாவது, நம் அடுக்களை அறிந்த மாசி பக்குவமாவது ஆகியவற்றைக் கண்ணெதிரே நிறுத்துகிறார்.

அந்நூலும் குறையற்றதன்று. பெண்கள் மேலாடையின்றி நடமாடும் வழக்கத்தை ஆணையால் மாற்ற முனைந்தவர், அதன் காரணத்தை அறிய முற்படவில்லை. ஆயினும் தம் ஆணை நீதிமன்றத்துக்கு வெளியே செல்லவில்லை என்பதைத் தாமே எழுதிவைத்தார். தோல்வியை மறைக்காத அந்த நேர்மை விளம்பர எழுத்துக்கு வாய்க்காதது.

1972-இல் சுற்றுலா தொடங்கியபின் விடுதிகள் நெடுங்காலம் குடிகளற்ற தீவுகளிலேயே எழுந்தன. விளம்பரத்தின் வெறுமைக்கு அதுவே காரணம். இன்றோ குடியிருப்புத் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் உள்ளன. மழை குறைந்த ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் செல்வோர், அங்கே இரண்டு நாளேனும் தங்கட்டும். மாலே நகரில் பவளக்கல்லால் 1658-இல் எழுந்த வெள்ளிக்கிழமைப் பள்ளியையும் காணட்டும். புறப்படுமுன் பிள்ளைகளுக்கு ‘ரிஹ்லா’வின் அப்பகுதியைப் படித்துக்காட்டுவது பெற்றோர் கடன்.