எல்இடி பல்புப் பெட்டியில் எழுதாத வரி

காரின் ஹெட்லைட்டை எல்இடிக்கு மாற்றலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பெரும்பாலும் கேட்கும்போதே பல்பு ஆன்லைன் கார்ட்டில் கிடக்கும். அதனால் இந்த முறை பல்பைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அது வரும் அட்டைப்பெட்டியை வாசித்துப் பார்த்தேன், ஒரு புத்தகத்தை விமர்சனம் செய்ய எடுத்தால் எப்படி வாசிப்போமோ அப்படி. கடையிலும் நண்பர்களிடமுமாக ஏழெட்டுப் பெட்டிகள். பெயர்கள்தான் வேறு, வாசகம் கிட்டத்தட்ட ஒன்று: "20,000 லூமென். 300 சதவீதம் கூடுதல் வெளிச்சம். 6000 கெல்வின். 50,000 மணி நேரம். பிளக் அண்ட் பிளே."

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்இடி கேட்பவர்களின் தேவை பொய்யில்லை. நம் ஊரின் பல சின்னக் கார்களில் இன்னும் இருப்பது எச்4 ஹாலஜன் பல்பு. 1971-இல் வந்த வடிவம். 60/55 வாட், ஒரே பல்புக்குள் பிரைட்டுக்கு ஒன்று டிம்முக்கு ஒன்று என்று இரண்டு ஃபிலமென்ட். தரநிர்ணயப்படி 13.2 வோல்ட்டில் டிம்மில் அது தருவது ஏறத்தாழ 1000 லூமென். தெருவிளக்கில்லாத உள்ரோட்டில், மழையில், நாற்பது தாண்டிய கண்ணோடு ஓட்டும்போது அது போதவில்லை என்பது எனக்கும் தெரியும். பெட்டி இந்தக் குறையைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறது. அதற்குச் சொல்லும் தீர்வில்தான் சிக்கல்.

20,000 லூமெனைப் பார்ப்போம். எஞ்சின் அறைச் சூட்டில் ஒரு வாட்டுக்கு 120 லூமென் என்று தாராளமாகவே கொடுப்போம். 20,000-க்கு 167 வாட் வேணும். அதே பெட்டியின் பின்பக்கத்தில் "60 வாட்" என்று இருக்கும். அப்படியானால் அதிகபட்சம் 7,200. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றையொன்று பொய்யாக்கும் நூலை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

50,000 மணி நேரம்? தினம் ராத்திரி ஒரு மணி நேரம் எரித்தால் 137 வருஷம். சிப்பு தாங்கலாம். ஆனால் பின்னால் சுற்றும் குட்டி ஃபேனும், மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் சர்க்யூட்டும்? ஹாலஜன் தன் சூட்டில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக முன்பக்கம் தள்ளிவிடும். எல்இடியின் சூடு சிப்பின் முதுகு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த முதுகு இருப்பதோ ரப்பர் மூடி போட்டு அடைத்த ஹெட்லைட் டப்பாவுக்குள். சூடு ஏற ஏற வெளிச்சம் இறங்கும். கடையில் போட்டுக் காட்டும் முதல் நிமிஷ வெளிச்சமும் அரைமணி நேரம் ஓடியபின் இருப்பதும் ஒன்றல்ல.

இதெல்லாம் விளம்பரத்தின் வழக்கமான மிகைப்படுத்தல், மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது "பிளக் அண்ட் பிளே". எங்கள் தொழில் மொழியில் சொன்னால், ஃபங்ஷனின் பெயரும் அளவுருக்களும் அதேதான், அதனால் கம்பைல் ஆகிவிடுகிறது. உள்ளே செய்யும் வேலைதான் வேறு. கப்ளர் பொருந்துவதை வைத்து ஒளியும் பொருந்துகிறது என்று பெட்டி முடிவு கட்டுகிறது.

எச்4 எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். டிம் ஃபிலமென்ட் சுமார் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சின்னச் சுருள். அதற்குக் கீழே ஒரு உலோகக் கிண்ணம். கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைத்துவிடுவதால், ரிஃப்ளெக்டரின் மேல்பாதிதான் டிம்முக்குப் பயன்படும். அங்கே பட்ட ஒளி சாலையை நோக்கிக் கீழே இறங்கும். கிண்ணத்தின் ஒரு ஓரம் 15 டிகிரி சாய்வாக இருக்கும். அதனால்தான் சுவரில் அடித்துப் பார்த்தால் மேல்விளிம்பு ஒரு கோடாகத் தெரிந்து, இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் மேலேறும். நம் பக்க ஓரத்தில் நடப்பவர் தெரிய வேண்டும், எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கக் கூடாது. இந்த இரண்டு வேலையையும் அந்தச் சின்னக் கிண்ணமும் ரிஃப்ளெக்டரின் வளைவும் சேர்ந்து செய்கின்றன. பல்பு இதில் ஒரு பாதி மட்டும்தான்.

இப்போது அங்கே எல்இடியை வைப்போம். ஃபிலமென்ட் தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒளி விடும். எல்இடி என்பது ஒரு தகட்டின் இரண்டு முகத்திலும் ஒட்டிய சிப்புகள். தகடு 2 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சிப்பும் அச்சிலிருந்து 1 மில்லிமீட்டர் விலகியிருக்கும். ஒரு மில்லிமீட்டர்தானே? பள்ளிக்கூட இயற்பியலை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ரிஃப்ளெக்டரின் குவிதூரம் 25 மில்லிமீட்டர் என்று கொண்டால், 1 மில்லிமீட்டர் விலகல் 25-இல் ஒரு பங்குக் கோணம். 50 மீட்டர் தூரத்தில் அது 2 மீட்டர்!

அந்த 2 மீட்டர் எந்தப் பக்கம் போகும் என்பது சிப்பு பார்க்கும் திசையைப் பொறுத்தது. இடம் வலமாகப் பார்த்தால் பக்கவாட்டில் சிதறும். நம் ஓரத்துக்காக மேலேற்றிய வெளிச்சம் வலப்பக்கம் நகர்ந்து எதிர்த்தடத்தில் ஏறும். காலர் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துவிட்டால் ஒரு பங்கு நேராக மேலேயே போகும். நல்ல பல்புகளில் தகட்டை மெலிதாக்கி, சிப்பை ஃபிலமென்ட் இருந்த இடத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனாலும் அது கிட்டத்தில்தான், அதே இடத்தில் அல்ல.

"போட்டதும் சும்மா பளிச்சுனு இருக்கு" என்பார்கள். உண்மைதான். சிதறிய ஒளியில் நிறைய வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரிலேயே கொட்டும். அந்தத் தரை வெளுத்துப்போய்த் தெரியும். அந்த வெளிச்சத்துக்குக் கண் பழகிவிடுவதால், தூரத்து இருட்டில் நிற்கும் மாடும் மனுஷனும் இன்னும் மங்கலாவார்கள். லூமென் என்பது மொத்த உற்பத்தி. அது எங்கே போய் விழுகிறது என்பதுதான் ஹெட்லைட். 300 சதவீதம் என்று சொல்லும் பெட்டி, எந்தத் தூரத்தில் எந்த இடத்தில் அளந்தது என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை.

பெட்டியில் எழுதாத வரி இதுதான்: எதிரில் வருபவருக்கு என்ன ஆகும்? எஞ்சின், பிரேக், சீட் என்று எதை மாற்றினாலும் முதலில் அனுபவிப்பது ஓட்டுபவர். ஹெட்லைட் அப்படியல்ல. அதன் தரத்தில் பாதி எதிர்ப்பக்கத்தில்தான் தெரியும். நடுவில் தடுப்பில்லாத ஒற்றைச் சாலையில் எதிரே மொபெட்டில் வருபவர், நம் வெளிச்சம் கண்ணில் பட்டு, கடந்துபோன சில நொடிகளுக்கு ஒன்றுமே தெரியாமல் ஓட்டுகிறார். அந்த நொடிகளில் அவர் முன்னால் ஒரு பள்ளம் இருக்கலாம், பின்லைட் இல்லாத டிராக்டர் இருக்கலாம். அவர் விழுந்தால்கூட நமக்குத் தெரியாது, நாம் தாண்டிப் போயிருப்போம். ஒரு ஸ்டார் ரிவியூ எழுத அவருக்கு வழியில்லை. இந்தப் பல்புகளுக்கு நாலரை ஸ்டார் கிடைப்பதன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நம் சட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 106-ஆவது விதி லூமெனைப் பேசுவதில்லை. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது என்கிறது. அளவுகோலை எதிராளியின் கண்ணில் வைத்த விதி. நடைமுறையில் யாரும் சோதிப்பதில்லை என்பது வேறு கதை.

ஜெர்மனி இதைச் செய்த விதம் கவனிக்க வேண்டியது. 2020-இல் அங்கே ஆஸ்ராமின் எச்7 எல்இடி மாற்று பல்பு ஒன்றுக்கு முதன்முதலாகச் சாலை அனுமதி கிடைத்தது. ஆனால் அனுமதி பல்புக்கு மட்டுமல்ல. எந்தெந்தக் கார் மாடலின் ஹெட்லைட்டில் சோதித்துத் தேறியதோ அந்தப் பட்டியலுக்கு மட்டும். பட்டியலில் இல்லாத காரில் அதே பல்பு சட்டவிரோதம். சோதிக்க வேண்டியது பல்பும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த ஜோடியை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

எல்இடியே கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் ஐஐஎச்எஸ் 2016-இல் முதன்முதலாக ஹெட்லைட்டுகளுக்குத் தரம் கொடுத்தபோது, 31 நடுத்தரக் கார்களில் "நல்லது" வாங்கியது ஒன்றே ஒன்று, எல்இடி ஹெட்லைட் கொண்ட டொயோட்டா பிரியஸ் வி. அதே கார் ஹாலஜனோடு "மோசம்" வாங்கியது. ஆனால் அது எல்இடிக்கென்றே வடிவமைத்த முழு விளக்கு, ஹாலஜன் வீட்டில் குடியேறிய எல்இடி அல்ல.

இண்டிகேட்டரில் நடக்கும் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 21 வாட் பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டால் மின்னோட்டம் குறைந்து, பல்பு பியூஸ் போனதாக நினைத்துக்கொண்டு ஃபிளாஷர் வேகமாக அடிக்கும். அதைச் சமாளிக்க 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைப்பார்கள். 13.5 வோல்ட்டில் அது சுமார் 30 வாட்டைச் சூடாக்கி வீணடிக்கும். மின்சாரம் மிச்சம் என்று சொல்லி விற்ற பொருள்!

சரி, வெளிச்சம் வேணுமே, என்ன செய்வது? என் சிபாரிசு வரிசை இது. முதலில் மஞ்சள் பூத்த ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் போடுங்கள். இரண்டாவது, வோல்ட்டேஜ். ஹாலஜனின் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறத்தாழ 3.4-ஆவது அடுக்கில் மாறும். 13.2 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பழைய வயரும் ஸ்விட்சும் தின்றது போக 12 வோல்ட் வந்தால், வெளிச்சத்தில் 28 சதவீதம் காலி. நல்ல ரிலே கிட் ஒன்று அதை மீட்டுத் தரும். மூன்றாவது, லெவல். 65 சென்டிமீட்டர் உயரத்து விளக்கு 1 சதவீதம் கீழே சாய்ந்தால் 65 மீட்டரில் தரையைத் தொடும். சாய்வே இல்லாவிட்டால் தொடவே தொடாது, எதிராளி கண்ணில்தான் போய் முடியும். கூபே விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு இவற்றில் எல்இடி தாராளமாகப் போடலாம், யாருக்கும் தொந்தரவில்லை.

இதற்குப் பிறகும் ஹெட்லைட்டில் எல்இடிதான் என்றால், வாங்கும் முன் ஒரே ஒரு சோதனை. கடைக்காரரை ஒரு பக்கம் மட்டும் மாட்டச் சொல்லுங்கள். சாவியை அவரிடமே கொடுத்து டிம் போடச் சொல்லிவிட்டு, 8 மீட்டர் எண்ணி எதிரில் போய், மொபெட்டில் உட்காரும் உயரத்துக்குக் குனிந்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பாருங்கள். பெட்டியை அதன்பிறகு வாசித்துக்கொள்ளலாம்.