மந்திரத்தின் பெயரும் மக்களின் மொழியும்

இலக்கிய விமரிசனம் எழுதுபவனுக்குச் சிறுவர் விளையாட்டிலே என்ன வேலை என்று நண்பர் ஒருவர் எம்மிடம் கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், எமது வகுப்பு மாணவர் ஒரு வருடத்திற் படிக்கும் செய்யுள்களைவிட, ஒரு வாரத்திற் கைத்தொலைபேசியில் அவர்கள் உச்சரிக்கும் மந்திரப் பெயர்கள் அதிகம். ஒரு சொல்லைச் சொன்னால் உலகில் ஏதோ ஒன்று மாறும் என்ற எண்ணத்தை அவர்கள் அங்கேதான் பழகிக்கொள்கிறார்கள். அச்சொற்களைப் படைத்தவர் யார், எம்மொழியிலிருந்து படைத்தார், அவை இன்று எவருடைய உடைமை என்று கேட்பது விமரிசகனுடைய வேலை அன்றெனில் வேறெவருடைய வேலை? மந்திரத்தை இலக்கணத்துக்குப் புறம்பானதென்று தொல்காப்பியரும் ஒதுக்கினாரல்லர். பாட்டையும் உரையையும் பிசியையும் பேசும் செய்யுளியலிலேயே அதற்கும் இடம் வகுத்தார்.

கற்பனை உலக விளையாட்டுகளின் வரலாறு 1974 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துச் சிற்றூராகிய லேக் ஜெனீவாவில் தொடங்குகிறது எனலாம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டின் விதிநூல்களை வெளியிட்டனர். கைகாக்ஸ் முன்னர் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை பார்த்து, அவ்வேலையை இழந்தவர். முதற்பதிப்பு 1000 பிரதிகளே. பெட்டிகளைத் தம் கையாலேயே அடுக்கினார்கள். அந்நூலில் மந்திரங்களுக்கு இட்ட பெயர்கள் பல மிக எளியவை. தீயுருண்டை, உறக்கம், ஒளி என்ற பொருள் தரும் சாதாரண ஆங்கிலச் சொற்கள் அவை. கடையிற் சாமான் வாங்கும் ஒருவனுக்கும் விளங்கக்கூடியவை. மந்திரம் செய்யும் காரியம் எதுவோ, அதுவே அதன் பெயர்.

இந்த எளிமைக்கு அருகிலேயே வேறொரு வழக்கமும் வளர்ந்தது. பிக்பியின் கை, டென்சரின் மிதக்கும் தட்டு, மெல்ஃபின் அமில அம்பு, மோர்டன்கைனனின் வேட்டைநாய் என மந்திரவாதியின் பெயரை முன்னே நிறுத்தும் வழக்கம் அது. இதன் மூலம் எழுத்தாளர் ஜாக் வான்ஸ் 1950 இல் வெளியிட்ட ‘த டையிங் ஏர்த்’ என்ற கதைநூலாகும். அந்நூலில் மந்திரவாதிகள் பழைய மந்திரங்களை அவற்றைக் கண்டவர்களின் பெயராலே வழங்குவர். ஒரு மந்திரத்தை அரும்பாடுபட்டு மனத்திலே பதிப்பர். பயன்படுத்திய மறுகணமே அது நினைவைவிட்டு அகன்றுவிடும். கைகாக்ஸ் இவ்விரண்டையும் எடுத்துக்கொண்டார், கடனை ஒளிக்கவுமில்லை.

மந்திரத்தை மறத்தல் என்றதும் எமக்குக் கர்ணனின் நினைவு வருகிறது. பரசுராமரிடம் குலத்தை மறைத்துக் கற்றான் என்பதற்காக, உயிர்போகும் வேளையிலே மந்திரம் மறந்துபோகும் என்று சபிக்கப்பட்டவன் அவன். வான்ஸின் உலகில் எல்லோரும் மறக்கிறார்கள், அது விதி. பாரதத்தில் ஒருவன் மட்டும் மறக்கிறான், அது சாதி. அஸ்திரங்களின் பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். ஆக்கினேயம், வாருணம், பிரமாஸ்திரம் என அனைத்தும் உடைமையாளராகிய தேவரின் பெயரையே தாங்குகின்றன. அஸ்திரத்தை எய்பவனுக்கு அப்பெயரிலே பங்கில்லை. பிக்பியின் கைக்கும் பிரமனின் அஸ்திரத்துக்கும் கால தேச தூரம் பெரிதாயினும், பெயரிடும் முறை ஒன்றே.

லேக் ஜெனீவாவின் பெயர்களுக்குள் ஒரு வீட்டுமணம் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. டென்சர் என்பது கைகாக்ஸின் மகன் ஏர்னஸ்டின் பெயரெழுத்துகளைக் கலைத்து அடுக்கியது. டிராமிஜ் என்பது ஜிம் வார்ட் என்ற நண்பரின் பெயரைப் பின்னிருந்து வாசித்தது. மேசையைச் சுற்றியிருந்து ஆடியவர்கள் தம்மையே ஏட்டில் எழுதிக்கொண்டனர். கூத்தின் அண்ணாவியார் ஊர்க்காரன் ஒருவனின் பட்டப்பெயரைக் கட்டியகாரன் வாயிலே செருகுவதைப் போன்ற குறும்பு இது.

அக்குறும்பு பின்னர் அடைந்த கதியே எம்மைச் சிந்திக்கவைப்பது. கைகாக்ஸ் தொடங்கிய கம்பனியை 1997 இல் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் வாங்கியது; அதனை 1999 இல் விளையாட்டுப்பொருள் உற்பத்தியில் மாபெரும் நிறுவனமாகிய ஹாஸ்புரோ வாங்கியது. 2000 ஆம் ஆண்டில் விளையாட்டின் விதிகளை எவரும் எடுத்தாளலாம் என்று ஓர் உரிமம் வெளியிடப்பட்டது. தாராளம்தான். ஆனால், அவ்வுரிமத்தின்கீழ் வந்த விதித்தொகுப்பைப் புரட்டினால் மந்திரவாதிகளைக் காணோம். மெல்ஃபின் அமில அம்பு வெறும் அமில அம்பாயிற்று. டென்சரின் தட்டு வெறும் மிதக்கும் தட்டாயிற்று. வேலையைச் செய்யும் மந்திரம் பொதுவுக்கு, பெயர் கம்பனிக்கு. 2023 சனவரியில் அவ்வுரிமத்தையே மாற்றக் கம்பனி முயன்றபோது, ஆடுவோரும் சிறு வெளியீட்டாளரும் பெருங்கிளர்ச்சி செய்தனர். கம்பனி பின்வாங்கி, அம்மாதம் 27 ஆந் திகதி விதித்தொகுப்பைப் பொதுப் படைப்புரிமத்தின்கீழ் விட்டது. போராட்டம் வென்றது. அப்போதும் பிக்பியும் மோர்டன்கைனனும் வெளியே வரவில்லை.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. தீயுருண்டை என்ற பெயரை எவரும் பூட்டிவைக்க இயலவில்லை. அது மக்களின் பேச்சிலிருந்து வந்த சொல். தனித்துவம் வேண்டிப் புனைந்த பெயரே சிறைப்பட்டது. இதே கம்பனி தன் இளமையில் மறுபக்கத்து அடியையும் வாங்கியிருந்தது. டோல்கீனின் ‘ஹொபிட்’ என்ற சொல்லை ஆண்டதற்காக உரிமையாளர் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தபோது, 1970களின் பிற்பகுதியில் அதனை ‘ஹாஃப்லிங்’ என்று மாற்றிக்கொண்டது. அடி வாங்கியவனே பின்னர் வேலி போட்டான்.

இனி, விளங்காமொழியிற் பெயரிடும் முறைக்கு வருவோம். 1981 இல் வெளிவந்த ‘விசார்ட்ரி’ என்ற கணினி விளையாட்டிலே ஹாலிட்டோ, டியோஸ், டில்டோவெய்ற் என்றெல்லாம் மந்திரங்கள் உண்டு. ஆடுபவர் அப்பெயர்களைப் பலகையில் எழுத்தெழுத்தாய்த் தட்டவேண்டும். கையேட்டைப் படியாதவனுக்கு வாய்ப்பில்லை. முற்போக்கு நோக்குடைய எமக்கு இது உடனே கசக்கும். ஐரோப்பிய ஏவலாளரும் உழவரும் விளங்காத இலத்தீன் பூசையைக் கேட்டு நின்ற காலம் நினைவுக்கு வரும். ‘ஹோக்கஸ் போக்கஸ்’ என்ற செப்படிவித்தைச் சொல்லே, அப்பத்தை உயர்த்திக் குருவானவர் சொல்லும் இலத்தீன் வாசகத்தின் திரிபாகலாம் என்று 17 ஆம் நூற்றாண்டிற் கன்ரபரி அத்தியட்சர் டில்லற்சன் கருதினார். ஊகமே எனினும் அழகிய ஊகம். விளங்காத மொழியை மக்கள் வணங்கவும் செய்வர், நையாண்டியும் செய்வர். எமது கோயில்களில் அருச்சனை கேட்டு வளர்ந்தவருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும், ‘எளிய சொல்லே முற்போக்கு, அரிய சொல் பிற்போக்கு’ என்று சூத்திரம் செய்துவிடுவதில் எமக்கு உடன்பாடில்லை. நண்பர் சிலர் அவ்வாறு எழுதி வருகின்றனர். ஹாலிட்டோ சிறு தீ, மஹாலிட்டோ பெருந்தீ, லாஹாலிட்டோ அதனினும் பெரிது. முன்னொட்டுகளைக் கண்டுபிடித்த சிறுவன் இலக்கணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். 1988 இல் வந்த ‘அல்டிமா’வின் ஐந்தாம் பாகம் இதனை மேலும் திருத்தமாகச் செய்தது. ‘லோர்’ என்றால் ஒளி. ‘இன்’ என்றால் ஆக்குதல். ‘வாஸ்’ என்றால் பெரியது. ‘ஃபிளாம்’ என்றால் நெருப்பு. ‘இன் லோர்’ ஒளியை உண்டாக்கும். ‘வாஸ் லோர்’ பேரொளி. ‘அன்’ என்பது மறுப்பு, ‘நொக்ஸ்’ என்பது நஞ்சு. ஆகவே ‘அன் நொக்ஸ்’ நஞ்சு முறிக்கும். பகுதி விகுதி பிரித்துப் பொருள் காண எமது மாணவர் நன்னூலிலே படும் பாட்டை நாம் அறிவோம். இங்கே அதை எவரும் ஏவாமலே செய்கிறார்கள். அரிய மொழியாயினும் அதன் திறவுகோல் ஆடுபவன் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி. கோயிற் சமஸ்கிருதத்துக்கும் அல்டிமாவின் அசைகளுக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

யப்பானியரின் வழி இவையனைத்திலும் எமக்கு உவப்பானது. அங்கு 1986 இல் தொடங்கிய ‘டிராகன் குவெஸ்ட்’ வரிசையிலே தீ மந்திரம் ஒன்றின் பெயர் ‘மெரா’. யப்பானிய மொழியிற் சுடர் கொழுந்துவிட்டெரிவதை ‘மெராமெரா’ என்பர். ‘கிராகிரா’ என்பது கண்கூசும் ஒளி. அவ்வொலிக்குறிப்பைப் பாதியாக முறித்து மந்திரமாக்கினர். இரட்டைக்கிளவி பிரிந்தாற் பொருள் தராது என்பது எமது இலக்கணத்தின் பாலபாடம். பிரிந்தபின் அது பொருள் தராமலே பொருளை உணர்த்தும் என்பதை, ‘மெரா’ என்று கேட்டவுடனே தீயைக் காணும் யப்பானியச் சிறுவன் நிரூபிக்கிறான். ‘மெராமி’, ‘மெரசோமா’ என்று சொல் நீள நீளத் தீயும் வளரும். தாய் அடுப்படியிற் பேசும் மொழியிலிருந்து பிறந்த மந்திரம் இது. அகராதியிலும் இல்லை, அந்நியமுமில்லை.

இதனை ஆங்கிலமாக்கியவர்கள் முதலிற் பட்ட பாடு தனிக்கதை. 1990களின் தொடக்கத்தில் பிளேஸ், பிளேஸ்மோர், பிளேஸ்மோஸ்ட் என்று ஒப்பீட்டு இலக்கணத்தையே மந்திரமாக்கினர்! பின்னர், 2005 அளவில், ஃபிரிஸ், ஃபிரிசில் எனத் தம் மொழியின் பொரியும் ஓசையையே நாடினர். மூலத்தின் சொல்லைப் பெயர்க்காமல் மூலம் செய்த வேலையைப் பெயர்த்தார்கள். மொழிபெயர்ப்புப் பற்றி எழுதப்பட்ட நீண்ட கட்டுரைகள் சிலவற்றிலும் இத்தெளிவு இல்லை.

‘ஃபைனல் ஃபன்ரசி’யின் (1987) பெயர்களை இரசனையால் மட்டும் விளக்கிவிட முடியாது. அதன் ஆங்கிலப் பதிப்பில் மந்திரப் பெயருக்கு நான்கெழுத்துக்கே இடம். எனவே தீயின் மூன்று படிகள் ‘எஃப்-ஐ-ஆர்-ஈ’, அடுத்து ‘எஃப்-ஐ-ஆர்-2’, அடுத்து ‘எஃப்-ஐ-ஆர்-3’ என்றாயின. யப்பானிய மூலத்திலோ ஃபயா, ஃபைரா, ஃபைகா என்ற அழகிய ஏறுவரிசை. அவ்வழகு ஆங்கிலத்துக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. பொருளியல் அடித்தளம் மேற்கட்டுமானத்தை நிர்ணயிப்பதை விளக்க இதனினும் எளிய உதாரணம் எமக்குக் கிடைக்கவில்லை. உயர்தர வகுப்பில் ஒருமுறை சொன்னோம், தூங்கியவரும் விழித்தனர்.

இவையெல்லாம் எமக்கெதற்கு என்போருக்கு, எமது தவறு ஒன்றையே சாட்சியாக வைக்கிறோம். சென்ற வருடத் தமிழ்த்தினத்துக்காக மாணவர் சிலர் அட்டை விளையாட்டு ஒன்று செய்தார்கள். ஐம்பது அட்டைகள், ஐம்பது மந்திரங்கள். பார்த்தால் ஏறத்தாழ அனைத்தும் அஸ்திரங்கள்! அக்கினியாஸ்திரம், வாயுவாஸ்திரம், மோகனாஸ்திரம் எனத் தொலைக்காட்சிப் புராணங்களின் குப்பை முழுவதும் வந்து குவிந்திருந்தது. தனித்தமிழ்ப் பற்றுள்ள ஒருவன் சிலவற்றைத் தீக்கணை, வளிக்கணை என்று மாற்றியிருந்தான். வடமொழி போயிற்று, வில்லும் தேரும் அரசனும் அப்படியே இருந்தன. சொல்லைச் சலவை செய்தானேயன்றிக் கற்பனையைச் செய்யவில்லை.

அவர்களுள் கடற்கரைக் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி தன் அட்டைக்குச் ‘சோளகம்’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். மற்றவர் சிரித்தார்கள். நாமும், ‘பிள்ளை, இது பேச்சுச் சொல், வாயுவாஸ்திரம் என்று திருத்தினால் என்ன?’ என்று கேட்டுவிட்டோம். நான்கு வருடம் பல்கலைக்கழகத்திற் தமிழ் படித்த வாய் அது. மண்வாசனை பற்றி மேடைகளிற் பேசிய வாயும் அதுவே.

அவள் திருத்தவில்லை. ‘வாயுவாஸ்திரத்தை யாராவது விடவேணும், சேர். சோளகத்தை ஒருத்தரும் விடுறேல்லை; அது வரும்’ என்றாள். பின்னர் வாடை, கொண்டல், கச்சான் என்று மற்ற மூன்று காற்றுகளையும் எழுதி வந்தாள். கச்சானைக் கண்டதும் கடலையை நினைத்து வகுப்பு மறுபடியும் சிரித்தது. இம்முறை அவளும் சேர்ந்து சிரித்தாள். நான்கு அட்டைகளின் கீழும் அவற்றின் பயனை அவளே வகுத்திருந்தாள். சோளகம் எழுந்தால், அட்டையைப் போட்டவர் உட்பட எல்லா அணிகளும் ஓர் ஆட்டம் கரையிலேயே நிற்கவேண்டும்.