எஞ்சியவையும் எஞ்ச வேண்டியவையும்

ஒரு சமுதாயம் தன் பழம்பொருள்களுள் எவற்றைக் காக்கிறது என்பதைக் கொண்டே, அது தன் வரலாற்றில் யாரை மதிக்கிறது என்பதை அறியலாம். ஏட்டுச் சுவடிக்குப் பொருந்தும் இவ்வுண்மை இரும்புக்கும் பொருந்தும். மலேசியப் புகைவண்டி மரபைக் காக்கும் முயற்சிகளை இக்கண்கொண்டு நோக்குதல் தகும்.

இந்நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885இல் தைப்பிங்கையும் போர்ட் வெல்டையும் இணைத்தது. அடுத்த ஆண்டே கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை மற்றொரு பாதை அமைந்தது. ஆற்றின்மேல் பாலம் எழுந்தபின், 1890இல் அது கிள்ளான் நகரை எட்டியது. பின்னர்த் துறைமுகம் வரை நீண்டது. அவ்வழியே ஈயம் கடலுக்குச் சென்றது. கடல் கடந்து வந்த தமிழர் தோட்டங்களுக்குச் சென்றனர். நிலையங்களிலும் அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர். பாதை அமைத்தும் செப்பனிட்டும் உழைத்தோருள் தமிழகத்திலிருந்து வந்தோர் மிகுதி. பிரிக்ஃபீல்ட்சும் செந்தூலும் தமிழர் குடியிருப்புகளாக வளர்ந்ததற்குப் புகைவண்டித் துறை ஒரு பெருங்காரணமாகும்.

இம்மரபில் பலர் கண்ணுக்கும் முதலில் படுவது நீராவி இயந்திரம். கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் கட்டிய 56ஆம் வகுப்பு இயந்திரங்கள் மூன்று உருளைகள் கொண்டவை. மலாயா ஊர்ப்பெயர்களைத் தாங்கியவை. 1957இல் இங்கிலீஷ் எலக்ட்ரிக் டீசல் இயந்திரங்கள் வந்தபின் நீராவியின் ஆட்சி தேய்ந்தது. 56ஆம் வகுப்பில் ‘தெமர்லோ’ என்னும் இயந்திரம் காக்கப்பட்டது நன்று. அதன் தகுதியை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின், பெரியதும் அழகியதும் மட்டுமே காக்கத்தக்கன என்று தெரிவு நின்றுவிடுமாயின், அரசரை மட்டும் பாடி உழவரை மறந்த வரலாறாகவே அது முடியும்.

எல்லாவற்றையும் காத்தல் இயலாது என்பர் சிலர். அவர் கூற்றில் உண்மை உண்டு. இந்நாட்டு மழையில் திறந்தவெளியில் நிற்கும் இயந்திரத்தின் கொதிகலன் உறைக்குள் நீர் தங்கும். வெளியே பூசிய வண்ணம் பளபளக்க, உள்ளே இரும்பு அரிக்கப்படும். எனவே கூரையின்றி நான்கை நிறுத்துவதினும் கூரையின்கீழ் ஒன்றைக் காப்பதே மேல். இடமும் பொருளும் குறைவு என்பதனாலேயே தெரிவுநெறி இன்றியமையாததாகிறது.

அந்நெறி எத்தகையதாக இருத்தல் வேண்டும்? ஒரு பொருள் அரியதா, தன் மூல உறுப்புகளோடு நிற்கிறதா, ஒரு தொழில்முறையை விளக்க வல்லதா, ஓர் இடத்திற்கோ மக்களுக்கோ சான்றாகிறதா என்னும் நான்கு வினாக்களும் கேட்கப்படல் வேண்டும். இயந்திரத்தை மீண்டும் ஓட்டிக் காட்டுவதா என்பதும் இவற்றால் தெளிவுறும். ஓட்ட வேண்டுமாயின் குழாய்களும் தகடுகளும் மாற்றப்படும். ஒவ்வொரு மாற்றத்தாலும் ஒரு சான்று மறையும். ஒரே வகையில் பல எஞ்சியிருப்பின் ஒன்றை ஓட்டலாம். ஒன்றே எஞ்சியிருப்பின் அதில் கை வைத்தல் தகாது. ஒரே சுவடி கிடைத்த நூலில் தன் விருப்பம்போல் பாடத்தைத் திருத்தும் பதிப்பாசிரியரை உ.வே. சாமிநாதையர் வழிவந்த தமிழுலகம் ஏற்பதில்லை அன்றோ?

இந்நான்கு வினாக்களுக்கும் விடை பகர்வன பெரும்பாலும் சிறு பொருள்களே. தொழிலாளர் குடும்பங்கள் பயணித்த மூன்றாம் வகுப்புப் பெட்டி, பாதை பார்ப்போர் தள்ளிச்சென்ற வண்டி, கைகாட்டி விளக்கு, சரளையை இறுக்கிய கடப்பாறை ஆகியன இவ்வகையின. ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் மோதாமல் காத்த டோக்கன், நிலைய அதிகாரிக்கும் ஓட்டுநருக்கும் இடையிலிருந்த பொறுப்பு முழுவதையும் ஒரு கைப்பிடிக்குள் அடக்கிக் காட்டும். தண்டவாளத் துண்டிலோ, அதனை உருட்டி உருவாக்கிய ஆலையின் பெயரும் ஆண்டும் புடைத்து நிற்கும். ஜப்பானியர் ஆட்சியில் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டதையும், சயாம் மரண இரயில் பாதைக்குத் தமிழர் கொண்டுசெல்லப்பட்டதையும் நினைவார்க்கு அத்துண்டு வெறும் இரும்பன்று.

1894இல் தெலுக் ஆன்சன் பாதையில் புகைவண்டியை மோதித் தடம்புரளச் செய்து மாண்ட யானைக்கு நினைவுப்பலகை நாட்டப்பட்டது. அந்த வீரத்திற்கு அது தகும். அப்படியாயின், பாதையை இட்டவனின் கடப்பாறைக்கும் ஒரு கண்ணாடிப் பேழை தகாதா?

இடங்களோ விரைந்து மறைகின்றன. பிரிக்ஃபீல்ட்சின் பழைய வண்டிநிறுத்தப் பரப்பில் 2001இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. 1945இல் குண்டுவீச்சுக்கு உள்ளான செந்தூல் பணிமனையின் பணிகள் பின்னாளில் பத்து காஜாவுக்கு மாறின. இடம் அழிந்தபின் பொருளே சாட்சி. அதனைக் கையாண்டவரின் சொல் உடனில்லையேல் அச்சாட்சியும் ஊமையாகும். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் பொருள்களைப் பதிவுசெய்ய வழி வகுத்துள்ளது. ஆயின், அப்பொருள்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் வழங்கிய பெயர்களைத் தொகுப்பது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய கடமையாகும். ஓய்வுபெற்ற தொழிலாளர் வாழும் இல்லங்களே அதற்குரிய சுவடி நிலையங்கள். அவை மூடப்படுமுன் மாணவர் அங்குச் செல்லுதல் வேண்டும்.