அரியது எது? – யப்பானிய அழகியர் அச்சோவியங்களும் சேகரிப்பாளர் கண்ணும்

'அரிய' என்ற சொல்லைத் தமிழில் நாம் இரண்டு பொருளில் வழங்குகிறோம். கிடைப்பதற்கு அரியது ஒன்று. செய்வதற்கு அரியது மற்றொன்று. பழைய யப்பானிய மரஅச்சோவியங்களை, அவற்றுள்ளும் பெண்களைச் சித்திரிப்பவற்றைச் சேகரிப்போரின் உலகில் இவ்விரு பொருளும் ஒன்றாகிவிட்டன. ஏலப் பட்டியல் ஒன்றை வாசித்தால் இது புலப்படும். தாள் முற்பட்ட பதிவா பிற்பட்டதா, வர்ணம் மங்கியதா, ஓரம் வெட்டப்பட்டதா, நடுவில் மடிப்பு உண்டா, பூச்சி அரித்த துளைகள் எங்கே, இதற்கு முன் யார் கையில் இருந்தது என்பனவெல்லாம் அதில் இருக்கும். படத்திலுள்ள பெண்ணைப் பற்றி ஒரு வரி இருந்தால் அது நமது அதிர்ஷ்டம்.

2016 ஜூனில் பாரிஸில் நடந்த ஏலமொன்றில் கிதகாவா உதாமரோவின் 'ஆழ மறைத்த காதல்' என்ற தாள் 745,000 யூரோவுக்கு விலைபோனது. ஒரு பெண்ணின் தலையும் தோளும், தாழ்ந்த பார்வை, கையில் மெல்லிய புகைக்குழாய், அவ்வளவுதான். 1790களில் எடோ நகரத்துக் கடையில் (எடோதான் இன்றைய டோக்கியோ) இது தொங்கியபோது ஏறத்தாழ ஒரு கிண்ணம் நூடில்ஸ் விலைக்கு யாரும் வாங்கியிருக்கலாம். வாங்கியவர்கள் சுவரிலோ திரையிலோ ஒட்டினார்கள், அலுத்தபின் கிழித்தார்கள். அரிதாகும் என்று எவரும் நினைத்துச் செய்த பொருளல்ல இது.

இந்த ஓவியங்களைத் தனியொரு கலைஞனின் படைப்பாகக் கருதுவது நமது காலத்துப் பழக்கம். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுருவம் வரைந்து கொடுப்பார். செதுக்குநர் அதைச் செர்ரிமரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை விட்டு ஏனையவற்றை அகற்றுவார். நெற்றியோரத்து மயிரிழைகளைச் செதுக்குவது அத்தொழிலில் தேர்ந்தவரின் கைக்கென்றே விடப்பட்டது. ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு பலகை. அச்சிடுபவர் ஈரத் தாளை வைத்து, மூங்கில் மடல் போர்த்திய வட்டப் பட்டையால் முதுகில் தேய்ப்பார். இவர்களை இணைத்து, முதலிட்டு, நட்டத்தையும் தண்டனையையும் ஏற்பவர் பதிப்பாளர். உதாமரோவின் பெயர் தாளில் இருக்கும், பதிப்பாளரின் இலச்சினையும் இருக்கும். மயிரிழை செதுக்கியவரின் பெயர் பெரும்பாலும் இராது. பலகை தேயத் தேய அந்த இழைகள் தடித்துப் போகும். சேகரிப்பாளர் முற்பட்ட பதிவைத் தேடுவது இதனால்தான். அந்தத் தேடலில் நியாயம் இருக்கிறது. பெயரறியாத ஒரு கைவினைஞனின் கூர்மையைத்தான் அவர், தாம் அறியாமலே, விலைகொடுத்து வாங்குகிறார்.

சேகரிப்பாளரின் நுணுக்கப் பித்தை ஏளனம் செய்வது எளிது. ஆனால் ஒகித்தா என்ற பெண்ணின் கதையை அறிந்தபின் அந்த ஏளனம் நிலைக்காது.

ஒகித்தா நானிவாயா என்ற தேநீர்க்கடையில் பரிமாறியவள். ஒஹிசா, தகாஷிமாயா என்ற பெயருடைய குடும்பத்தின் பெண். தொயொஹினா பாடகி. ஏறத்தாழ 1793இல் உதாமரோ இம்மூவரையும் ஒரே தாளில் முக்கோணமாக அமைத்து, பின்னணியில் அப்பிரகத் தூள் மினுங்க வெளியிட்டார். பதிப்பாளர் சுதாயா ஜூசபுரோ. கடைக்குப் போனால் நேரில் காணக்கூடிய பெண்கள் இவர்கள். மூவரின் முகமும் முதலில் ஒன்றுபோலத் தோன்றும். சற்று நின்று நோக்கினால் ஒருத்தியின் மூக்கு வளைவும் மற்றவளின் கன்னத்துத் திரட்சியும் வேறுபடுவது தெரியும். மாதிரி முகம் ஒன்றை ஆயிரம் முறை அச்சிட்டு வந்த ஒரு மரபில் இது பெரிய அடி.

ஆட்சியாளருக்கு இது பிடிக்கவில்லை. 1790 முதல் ஒவ்வொரு தாளிலும் தணிக்கை முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருந்தது. 1793இல் கணிகையர் தவிர்ந்த பெண்களின் பெயர்களை ஓவியங்களில் பொறிப்பது தடைசெய்யப்பட்டது. மூன்று அழகியர் தாளின் முற்பட்ட பதிவில் மூவரின் பெயரும் உண்டு, பிற்பட்டதில் இல்லை. படம் அதேதான், பெயர் மட்டும் பலகையிலிருந்து போய்விட்டது.

உதாமரோ ஒரு விளையாட்டு விளையாடினார். படத்தின் மூலையில் ஒரு சிறு சதுரம் வரைந்து, அதற்குள் இரண்டு கட்டுக் கீரை, ஓர் அம்பு, ஆழ்கடல், ஒரு வயல் ஆகியவற்றை வைத்தார். யப்பானிய மொழியில் கீரை 'நா', இரண்டு 'நி', கட்டு 'வா', அம்பு 'யா', கரைக்கு அப்பாற்பட்ட கடல் 'ஒகி', வயல் 'தா'. கூட்டி வாசித்தால் நானிவாயா ஒகித்தா. தெருவிலே போகும் சிறுவனும் இந்த விடுகதையை அவிழ்த்திருப்பான். 1796இல் விடுகதைப் படங்களும் தடைசெய்யப்பட்டன. 1800இல் பெண்களின் முகத்தைப் பெரிதாக வரைவதே கண்டிப்புக்குள்ளானது. 1804இல், முற்கால ஆட்சியாளர் ஹிதெயோஷியை மனைவி மற்றும் துணைவியருடன் சித்திரித்தமைக்காக உதாமரோ ஐம்பது நாள் கைவிலங்கிடப்பட்டார். இரண்டு ஆண்டுகளில் இறந்தும் போனார்.

ஒரு தேநீர்க்கடைப் பெண்ணின் பெயர் இருநூறு ஆண்டுகளின் பின் நமக்கு எட்டியதற்கு, 'பெயருள்ள பதிவு', 'பெயரற்ற பதிவு' என்று தாள்களைப் பிரித்துப் பார்த்த சேகரிப்பாளரின் பித்தும் ஒரு காரணம். அதிகாரம் துடைத்ததை அவர்களின் பணப்பெட்டி காத்தது. அவர்கள் அவளுக்காகச் செய்யவில்லை என்பது வேறு விடயம்.

பாரிஸின் பங்கு இதிலே இரட்டைத் தன்மையானது. ஹயாஷி தடமஸா போன்ற யப்பானிய வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆயிரக்கணக்கான தாள்களை அங்கே கொண்டுசேர்த்தனர். அவருடைய சிறு சிவப்பு முத்திரை ஒரு தாளில் இருந்தால் இன்றும் மதிப்புக் கூடும். நகை வணிகர் ஹென்றி வேவெர் சேர்த்தவற்றில் ஏறத்தாழ 8,000 தாள்களைக் கப்பற்றொழில் அதிபர் மட்சுகட்டா கோஜிரோ 1920ஆம் ஆண்டளவில் மொத்தமாக வாங்கினார். அவை டோக்கியோ தேசிய நூதனசாலையில் இருக்கின்றன. போனது திரும்பியது. ஆனால் பாரிஸ் இந்தப் படங்களை எப்படிப் பார்த்தது? எட்மண்ட் டி கொங்கூர் 1891இல் உதாமரோ பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பிலேயே அவரைப் 'பச்சை வீடுகளின் ஓவியர்' என்று குறித்தார். கணிகையர் இல்லத்தைக் குறிக்கும் ஒரு பழைய இடக்கரடக்கல் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு அது. காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஏதோ தோட்டத்து மாளிகை போலவும் இருக்கிறது.

யோஷிவாரா தோட்டமல்ல. மதிலும் அகழியும் சூழ்ந்த, ஒரு பெரிய வாயிலைக் கொண்ட பகுதி அது. வறிய குடும்பங்கள் முன்பணத்துக்கு ஈடாகச் சிறுமிகளை அங்கே கொடுத்தன. கடன் தீரும்வரை வெளியேற முடியாது. அங்கு இறந்தவர்களுள் உரிமைகோர எவருமற்றோர் அருகிலுள்ள ஜோகன்ஜி என்ற பௌத்த விகாரையில் போடப்பட்டனர். மக்கள் அதை 'எறிந்துவிட்டுப் போகும் விகாரை' என்றே அழைத்தனர். அங்கே அப்பெண்களுக்கான நினைவுத் தூண் உண்டு. கொங்கூரின் நூலை விரும்பிப் படித்து அதன் வழியாகச் சேகரிக்கத் தொடங்கிய பலருக்கு இந்த விகாரை தெரிந்திருக்க நியாயமில்லை.

உதாமரோவுக்கு அது தெரியும். அதனால்தான் அவருடைய படைப்புக்களில் 'யோஷிவாராவின் பன்னிரு நாழிகைகள்' என்ற தொடரை ஆகச் சிறந்ததாக நான் கருதுகிறேன். பெரிய முகப் படங்களைவிடச் சிறந்தது. ஏறத்தாழ 1794இல் வெளிவந்தது. பழைய யப்பானிய நாள் பன்னிரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கின் பெயர். பகுதிக்கு ஒரு தாள். எருதின் வேளை, அதாவது பின்னிரவு இரண்டு மணியளவு, ஒரு பெண் உறக்கத்திலிருந்து எழுந்து வெளியே போகிறாள். ஒரு கையில் எரியும் காகிதத் திரி. மறு கையில் மெல்லிய தாள். கால் செருப்பைத் தேடித் துழாவுகிறது. ஆடை நழுவி இருக்கிறது, ஆனால் எவரையும் மயக்குவதற்காக அல்ல. கண் பாதி மூடியிருக்கிறது. வாடிக்கையாளர் எவரும் படத்தில் இல்லை. பார்க்கின்ற நாம்தான் அங்கே இருக்கக்கூடாத ஆள். களைப்பை அழகாக்காமல், அழகைக் களைப்பிலிருந்து பிரிக்காமல் வரைந்த இந்தத் தாளைத்தான் செய்வதற்கு அரியது என்பேன்.

சேகரிப்பு இதற்குச் செய்த தீங்கும் சிறிதல்ல. தொடர்கள் தாள்தாளாக விலைபோகின்றன. எருதின் வேளை ஒரு வீட்டிலும் நாயின் வேளை இன்னொரு கண்டத்திலும் கிடக்கும். கடிதம் எழுதும் பெண்ணையும் செருப்புத் தேடும் பெண்ணையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான், ஓய்வென்பதே இல்லாத ஒரு முழு நாள் நம்முன் விரிகிறது. தனித் தாளில் எஞ்சுவது நேர்த்தியான ஒரு பெண் மட்டுமே.

பொஸ்டன் நகரத்துச் ஸ்போல்டிங் சகோதரர்களின் கதை வேறுவிதமானது. கட்டடக் கலைஞர் பிராங்க் லொயிட் ரைட்டை முகவராகக் கொண்டு 1913இல் யப்பானில் பெருந்தொகையாக வாங்கியவர்கள் இவர்கள். 1921இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்களைப் பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்கு அளித்தனர். ஒரே நிபந்தனை: ஒருபோதும் காட்சிக்கு வைக்கக்கூடாது. ஒரு வகை நீலப் பூவின் சாறும் குசும்பப் பூவின் சிவப்பும் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும். விளைவாக, உதாமரோ காலத்து ஊதாவும் நீலமும் உண்மையில் எப்படி இருந்தன என்பதை உலகம் அந்த இருட்டு அலுமாரிகளிலிருந்துதான் அறிந்துகொண்டது. பின்னர் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களை இணையத்தில் யாரும் காணலாம். நிபந்தனையைக் குரூரம் என்று சொல்லத் தோன்றுகிறது. சுவரில் மாட்டி மகிழ்ந்தவர்களின் தாள்களில் நீலம் பழுப்பாகிப் போனதை நினைத்தால் நா எழவில்லை.

இருபதாம் நூற்றாண்டுக்கு வரும்போது அரிதாக்கமே ஒரு தொழிலாகிறது. பதிப்பாளர் வட்டானாபே ஷோசபுரோ பழைய முறையை உயிர்ப்பித்து, வெளிநாட்டு வாங்குவோரையும் மனதிற் கொண்டு புதிய அச்சோவியங்களை வெளியிட்டார். அவருடன் தொடங்கிப் பின் தனித்துச் சென்ற ஹஷிகுச்சி கோயோ (1880–1921) தம் வாழ்நாளில் முடித்த அச்சோவியங்கள் பதினைந்துக்கும் குறைவு. 1920இல் வந்த 'தலைவாரும் பெண்' அப்பிரகப் பின்னணியில் நீண்ட கருங்கூந்தலுடன் இருக்கிறாள். செதுக்கலில் பழையவர்களையும் விஞ்சிய வேலை. 1923 செப்டம்பர் 1ஆம் திகதி பெரும் பூகம்பமும் தீயும் வட்டானாபேயின் கடையையும் பலகைகளையும் விழுங்கின. அன்றிலிருந்து 'பூகம்பத்துக்கு முந்தியது' என்பது சேகரிப்பாளரின் மந்திரச் சொல். பின்வந்த தோரி கொதொந்தோவின் பெண்கள் சில நூறு பிரதிகளுக்கு மட்டுப்படுத்தப்பட்டு, இலக்கமிட்டு விற்கப்பட்டனர். அவருடைய 'காலைக் கூந்தல்' அளவுக்கு மீறி மோகத்தைத் தூண்டுகிறது என்று அதிகாரிகள் தடுத்தனர். இன்று அந்தத் தடையே அதன் விலை.

இவற்றின் தொழில்திறனில் எனக்குக் குறையில்லை. ஆனால் கொதொந்தோவின் பெண்ணுக்கு ஒரு கடையோ தெருவோ வேலையோ இல்லை. குளித்து, சீவி, கண்ணாடி பார்த்து, மழையைப் பார்த்து முடிகிறது அவளது நாள். ஒகித்தாவை எடோவாசிகள் தேநீர் குடிக்கப் போய்க் கண்டார்கள். இவளைச் சேகரிப்பாளரன்றி வேறெவரும் காணப்போவதில்லை என்பது ஓவியருக்கே தெரிந்திருந்தது போலும்.

அச்சில் வராத ஒரு படத்தையும் இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யப்பானின் அச்சோவியங்கள் பெருமளவில் வெளிநாடு போனதைக் கண்டு கவன்ற ஓதா செய்சோ என்பவர் சேர்த்த ஏறத்தாழ 12,000 படைப்புக்களுக்காக 1980இல் டோக்கியோவில் ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. அங்கே ஹொகுசாயின் மகள் ஓயி வரைந்த சிறு ஓவியம் ஒன்று உண்டு. அழகியரை வரைவதில் மகள் தன்னை விஞ்சியவள் என்று தந்தையே சொன்னதாகக் கூறுவர். யோஷிவாராவில் இரவு. மரச் சட்டங்களுக்குப் பின்னால் பெண்கள் ஒளிவெள்ளத்தில் அமர்ந்திருக்கிறார்கள். வெளியே இருட்டில் ஆண்கள் நின்று பார்க்கிறார்கள். சட்டங்களின் குறுக்கீட்டால் பெண்களின் முகங்கள் ஏறக்குறைய தெரிவதேயில்லை. தெருவில் மூன்று கைவிளக்குகள். ஓயி கையொப்பமிடவில்லை. தன் பெயரின் எழுத்துக்களை அந்த மூன்று விளக்குகளிலும் ஒவ்வொன்றாக ஒளித்து வைத்திருக்கிறாள்.