ஸ்ட்ரைக்கரில் மிஞ்சும் வேகம்

திருத்தணி மலையடிவாரத்தில் ஓங்கி அடிக்கும் சிதறு தேங்காய் துள்ளி எழுவதில்லை. கை கொடுத்த வேகமெல்லாம் ஓட்டைப் பிளந்து சில்லுகளைத் தெறிக்க விடுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. கேரம் பலகையில் நடக்கும் மோதல் வேறு ரகம். எதுவும் உடையாது, ஸ்ட்ரைக்கர் கொண்டுவந்த வேகத்தைக் காயும் ஸ்ட்ரைக்கரும் பங்கு போட்டுக்கொள்ளும். நம் கண்ணெல்லாம் காயின் பங்கின் மேல்தான். ஆட்டத்தைத் தீர்ப்பது ஸ்ட்ரைக்கரில் மிஞ்சும் பங்கு என்பது என் கட்சி.

சர்வதேச விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. காய் 5 முதல் 5.5 கிராம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. பில்லியர்ட்ஸில் பந்துகள் ஒரே எடை என்பதால், நேர் அடியில் அடித்த பந்து அங்கேயே நின்றுவிட முடியும். கேரமில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நெருங்கிய வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தோடு இரண்டும் விலகுகின்றன என்பதை நியூட்டன் ஒரு விகிதமாகச் சொன்னார். அதை 0.8 என்று வைத்து, 5 கிராம் காயை நேராக அடித்தால், காய் ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப் போல் 1.35 மடங்கில் பறக்கும். ஸ்ட்ரைக்கர் 0.55 பங்கு வேகத்தோடு அதே கோட்டில் பின்னாலேயே ஓடும். எதிரே பாக்கெட்டின் விட்டம் 4.45 செ.மீ.; ஸ்ட்ரைக்கருக்கோ அதிகபட்சம் 4.13. இரண்டும் சேர்ந்து விழுந்தால், போட்ட காய் திரும்ப வருவதோடு அபராதக் காய் ஒன்றும் வெளியே வரும்.

'0.8 என்பது எந்த ஊர்க் கணக்கு? அடி பலத்தால் விகிதம் மாறுமே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காய் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, தொடுகை வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், சராசரி விசை 150 நியூட்டன். 5 கிராம் காயின் மேல் 15 கிலோ மூட்டை ஏறி இறங்கிய மாதிரி. விளிம்புகள் நசுங்கி மீளும் அந்த நொடித்துணுக்கில் கொஞ்சம் ஆற்றல் கரைகிறது. நசுங்கலுக்கும் விசைக்கும் உள்ள உறவை 1882-ல் ஹெர்ட்ஸ் வகுத்தார். 1975-ல் ஹன்ட்டும் கிராஸ்லியும் ஆற்றல் இழப்பையும் அதில் சேர்த்தார்கள். ஆனால் விகிதம் எப்படி மாறினாலும் என் வாதம் அசையாது. 0.6 ஆகக் குறைந்தால் ஸ்ட்ரைக்கரில் 0.6 பங்கு மிஞ்சும். துளி ஆற்றலும் வீணாகாத மோதலில்கூடப் பாதி வேகம் மிஞ்சும். இந்த மூன்றுக்கு ஒன்று எடையில் அதற்குக் கீழே இறங்க வழியே இல்லை.

1991, 1995 உலகச் சாம்பியன் மரிய இருதயமும், 2024-ல் அமெரிக்காவில் உலகக் கோப்பை வென்ற சென்னைப் பெண் காசிமாவும் கணக்குப் போட்டா சுண்டினார்கள்? இல்லைதான். ஆயிரமாயிரம் அடிகளில் விரல் பழகிக்கொண்டது இதே மூன்றுக்கு ஒன்றைத்தான். வேறு எடையுள்ள ஸ்ட்ரைக்கரைக் கையில் கொடுத்தால் விரல் மறுபடி பழக வேண்டியிருக்கும்.

காயை ஓரமாக உரசும் கட் அடியில், ஸ்ட்ரைக்கரில் வேகம் மிஞ்சுவது இன்னும் பளிச்சென்று தெரியும். அதே 0.8 விகிதத்தில், இரண்டின் மையங்களை இணைக்கும் கோட்டுக்கு 60 பாகை சாய்வில் உரசினால் காய்க்குக் கிடைப்பது 0.68 பங்கு வேகம். விளிம்பு உராய்வை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், ஸ்ட்ரைக்கர் சுமார் 12 பாகை மட்டும் திரும்பி, பத்தில் ஒன்பது பங்கு வேகத்தோடு போய்க்கொண்டே இருக்கும். காய் மெல்ல நகர்ந்து பாக்கெட்டை எட்டுமுன், ஸ்ட்ரைக்கர் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பியிருக்கக்கூடும்.